முன்பணம் யாருடைய பணம்?

ஒரு வியாபாரி தம் சொந்த முதலைப் போட்டுச் சூதாடினால் அது அவர் பாடு. ஜெயித்தால் மாளிகை கட்டுவார். தோற்றால் அதை விற்பார். ஆனால் லட்சக்கணக்கான எளிய ஜனங்கள் நம்பிக் கொடுத்த முன்பணத்தின்மீது ஏறி நின்று ஒருவர் உயரும்போது, அவருடைய ஏற்றமும் வீழ்ச்சியும் பொதுஜன விஷயமாகிவிடுகின்றன. இங்கிலாந்தில் ‘இன்டாசன்’ என்ற உல்லாசப் பிரயாணக் கம்பெனியை நடத்திப் புகழின் உச்சிக்கு ஏறி, 1991-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரே நாளில் சரிந்து விழுந்த மிஸ்டர் ஹாரி குட்மனின் சரித்திரம் இதற்குத் தக்க அத்தாட்சி.

அவர் செய்த தொழிலை நாம் இழிவாகப் பேசவில்லை. கடல் கடந்து சென்று வெயில் காய்வது ஒரு காலத்தில் பிரபுக்களின் ஏகபோகமாக இருந்தது. 1938-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஆங்கிலத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்க வழி பிறந்தது, போவதற்குத்தான் இடமில்லை. 1950-ல் விளாடிமிர் ரெயிட்ஸ் என்பவர், விமானம், கூடார வாசம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங் என்று ஒரே தொகை பேசி, கார்ஸிகா தீவிலுள்ள கால்விக்கு ஜனங்களை அழைத்துச் சென்றார். ‘பாக்கேஜ் டூர்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் வியாபாரம் இங்கிலாந்தில் வேரூன்றியது அப்படித்தான். ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் மத்தியதரைக் கடலைக் கண்டது இத்தகைய துணிச்சல்காரர்களால் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வியாபாரத்தின் அந்தரங்கத்தைச் சற்று ஆராய வேண்டும். கோடைப் பிரயாணத்திற்கு ஜனங்கள் குளிர்காலத்திலேயே பணம் கட்டத் தொடங்குகிறார்கள். ஹோட்டல்காரனுக்கும் இதர கடன்காரர்களுக்கும் கம்பெனி பட்டுவாடா செய்வதோ பல மாதம் கழித்து. நடுவில் பெட்டி நிரம்பி வழிகிறது. பெட்டியில் உள்ளது தம் பணமல்ல என்பதை மறப்பது மனித சுபாவம். வருகிற வருஷத்து முன்பணத்தைக் கொண்டு போன வருஷத்துக் கடனைத் தீர்ப்பதும் சுலபம். கூட்டம் பெருகும் வரையில் ஒரு குறையும் தெரியாது. ஒரு பருவம் கூட்டம் வராவிட்டால் அஸ்திவாரமே இல்லாதது வெளிப்பட்டுவிடும்.

1974-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, ‘கிளார்க்ஸன்ஸ்’ என்ற மாபெரும் பிரயாண ஸ்தாபனத்தை வைத்திருந்த ‘கோர்ட் லைன்’ கம்பெனி இப்படித்தான் கவிழ்ந்தது. சுமார் 50,000 பேர் அன்னிய நாடுகளில் தவித்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் கட்டிய பணத்தை இழந்து வீட்டிலேயே நின்றார்கள். அந்தக் காலி இடத்தில் புகுந்து வளர்ந்தவர்தான் மிஸ்டர் குட்மன். ஒருவருடைய திவாலில் தோன்றிய ஏற்றம், அந்தத் திவாலின் பாடத்தைக் கற்றிருக்க வேண்டும் அல்லவா?

கற்கவில்லை. ஆடம்பரமும் வாய்வீச்சும் போட்டியாளருக்குச் சவால் விடும் சுபாவமும் உடைய அவர், 1979-ல் ‘ஏர் யூரோப்’ என்ற சொந்த விமானக் கம்பெனியையும் பறக்கவிட்டார். முதலிடத்திலிருந்த ‘தாம்ஸன்’ கம்பெனி கட்டணத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். லாபம் ஊசிமுனை அளவுக்கு மெலிந்தது. கூட்டம் மட்டும் பெருகியது. ‘இன்டர்நேஷனல் லீஷர் குரூப்’ என்ற அவருடைய ஸ்தாபனம் நாட்டில் இரண்டாவது இடத்தைப் பிடித்தது. 1987-ல் அதைப் பங்கு மார்க்கெட்டிலிருந்து விலக்கிக்கொண்டார். குறித்த நேரத்தில் ஓடும் விமானப் போக்குவரத்திலும் நுழைந்து பெரிய கம்பெனிகளுடன் மல்லுக்கு நின்றார். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் விமானத்துக்குரிய குத்தகையும் வட்டியும் மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும் என்பதை அவர் அறியாதவரல்லர்; வெற்றியின் மயக்கம் அறிவை மூடியது.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. எண்ணெய் விலை ஏறிற்று. 1991 ஜனவரியில் யுத்தம் மூண்டதும், முன்பணம் வந்து குவிய வேண்டிய அந்த மாதங்களிலேயே ஜனங்கள் பயந்து வீட்டில் இருந்துவிட்டார்கள். பங்குதாரராயிருந்த சுவிஸ் ‘ஓம்னி’ கம்பெனியோ தானே தத்தளித்துக் கொண்டிருந்தது. பிப்ரவரி 28-ந் தேதி யுத்தம் நின்றது. மார்ச் 8-ந் தேதி மிஸ்டர் குட்மனின் விமானங்கள் நின்றன. யுத்தத்தைத் தாங்கியவர் சமாதானத்தின் முதல் வாரத்தைத் தாண்ட முடியவில்லை! யுத்தம் அவரை வீழ்த்தியது என்பது பாதி உண்மைதான். கையில் சேமிப்பு இருந்தவர்கள் அதே புயலைத் தாங்கி நின்றார்கள்.

அவர் சட்டத்தை மீறினார் என்று நாம் சொல்லவில்லை. வாங்கிய முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதே நமது குறை. ஆயினும் பிரிட்டிஷ் சர்க்கார் 1974-ன் அடியை அடியோடு மறந்துவிடவில்லை. 1975-ல் சட்டமியற்றிச் சேமநிதி ஏற்படுத்தினார்கள். கம்பெனிகள் ஜாமீன் பத்திரம் கொடுக்கும் முறையும் இருந்தது. அதனால் 1991-ல் ‘பாக்கேஜ்’ பிரயாணிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. அதே கம்பெனியின் குறித்த நேர விமானத்துக்கு வெறும் டிக்கெட் வாங்கியவருக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே முதலாளி, ஒரே வீழ்ச்சி. இரு பிரயாணிகளுக்கு இரு நீதி!

இது சீமைக் கதை என்று நமது நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2019 செப்டம்பர் 23-ந் தேதி, 1841-ல் பிறந்த ‘தாமஸ் குக்’ ஸ்தாபனமே இங்கிலாந்தில் விழுந்தது. சுமார் 1,50,000 பிரயாணிகளை அந்நாட்டு சர்க்கார் பொறுப்பேற்று வீடு சேர்த்தது. அதே பெயருள்ள இந்தியக் கம்பெனி 2012-லேயே வேறு கைக்கு மாறியிருந்ததால் இங்கே ஆபத்து நேரவில்லை. நேர்ந்திருந்தால்? காசி யாத்திரைக்கும் சிங்கப்பூர் பிரயாணத்துக்கும் ஆயுட்காலச் சேமிப்பை முன்பணமாகக் கட்டும் நம்மவர்க்கு அத்தகைய கட்டாய ஈட்டு நிதி எதுவும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கலாம். காலியான பெட்டியிடம் தீர்ப்பைக் காட்டி என்ன பயன்?

சீட்டு நடத்துகிறவர் ஜாமீன் கட்டியே தொடங்க வேண்டும் என்று 1982-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. சீட்டுப் பணத்துக்குள்ள காவல் பிரயாணப் பணத்துக்கும் வேண்டாமா? முன்பணம் என்பது முதலாளியின் முதல் அல்ல. பிரயாணம் முடியும் வரையில் அது அடைக்கலப் பொருள். அதைத் தனிக் கணக்கில் வைக்கவும், தவறினால் திருப்பித் தர ஈடு காட்டவும் இந்திய சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும். நம் நாட்டிலும் ஒரு குட்மன் தோன்றட்டும். ஏழைகளை உலகம் சுற்றிக் காட்டட்டும். அவர் விழ நேர்ந்தால் தனியே விழட்டும்.