தளம் திறக்கலையா, தடுத்துட்டாங்களா? விபிஎன், டோர், ‘பிரிட்ஜ்’... பின்னால் நடப்பது என்ன?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை ராத்திரி. வேலப்பன்சாவடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடு. “விகடன் சைட் உனக்கு ஓப்பன் ஆகுதா?” என்று ரூம்மேட் கேட்டான். என் போனில் ஆகவில்லை. அவனுடையதிலும் ஆகவில்லை. மூன்றாவது ஆள் வேறு சிம், அவனுக்கு ஜம்மென்று திறந்தது. அவனிடம் ஹாட்ஸ்பாட் வாங்கிப் போட்டால் எனக்கும் திறந்தது. “சர்வர் டவுனா இருக்கும் மச்சான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். டிஜிட்டல் டெஸ்கில் வேலை பார்க்கிறவன் சொன்ன கணிப்பு அது!

சர்வர் டவுன் ஆனால் எல்லோருக்கும் டவுன் ஆகும். ஒரு நெட்வொர்க்கில் திறந்து இன்னொன்றில் திறக்கவில்லை என்றால், தளத்தில் கோளாறு இல்லை. வழியில் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அன்று நடந்தது அதுதான். அமெரிக்கா இந்தியர்களைச் சங்கிலி போட்டுத் திருப்பி அனுப்பிய விவகாரத்தை வைத்து, டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கார்ட்டூன் விகடனின் இணைய இதழில் பிப்ரவரி 10-ல் வந்திருந்தது. பாஜக தரப்பிலிருந்து புகார் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளம் முடக்கப்பட்டது. பிரச்சினை ஒரே ஒரு படம்தான், ஆனால் பூட்டு விழுந்தது முழு தளத்துக்கும். மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு போட்டார். விகடன் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அமைச்சகம் தடையை நீக்க வேண்டும் என்பது உத்தரவு.

இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தில் நண்பர்கள் வட்டத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்வி: “எந்த விபிஎன் நல்லது?” அதற்குப் பதில் சொல்லும் முன், தடை எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். பூட்டு எந்த மாதிரி என்று தெரியாமல் சாவி தேட முடியாது.

பூட்டு எங்கே தொங்குகிறது?

அரசு உத்தரவு போடும். அதைச் செயல்படுத்துவது உங்களுக்கு நெட் கொடுக்கும் கம்பெனி. எப்படித் தடுக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரே முறை இல்லாததால், ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள்.

பழைய முறை டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டைரக்டரி அது. நீங்கள் பெயரைக் கேட்கும்போது கம்பெனி தப்பான எண்ணைத் தந்துவிடும், அல்லது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லிவிடும். போன் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் மாற்றியதும் சிலருக்குத் தளம் திறப்பது இதனால்தான்.

அடுத்தது கொஞ்சம் புத்திசாலித்தனமான முறை. பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான தளத்துக்குப் போகும்போதும், இணைப்பு தொடங்கும் முதல் நொடியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்த எழுத்தில்தான் போகிறது. கவருக்குள் கடிதம் மறைந்திருக்கிறது, ஆனால் கவர் மேல் விலாசம் இருக்கிறதே! அதைப் படித்து இணைப்பைத் துண்டிப்பதற்கு எஸ்என்ஐ தடுப்பு என்று பெயர். இதற்கு டிஎன்எஸ் மாற்றுவது உதவாது.

சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி அமைப்பின் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் 6 பெரிய நெட் கம்பெனிகளைச் சோதித்தார்கள். ஏதாவது ஒரு கம்பெனியாவது தடுத்திருந்த தளங்கள் 4,033. ஆறும் சேர்ந்து தடுத்திருந்தவை வெறும் 1,115. ஆக, நீங்கள் எதைப் படிக்கலாம் என்பது எந்த சிம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஹாட்ஸ்பாட் போட்டதும் திறந்த மர்மமும் இதுதான்.

(முழு தளத்துக்கே பூட்டு போடுவது புதுசும் இல்லை. 2012-ல் ‘3’ படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து விமியோ போன்ற முழு தளங்களையே நெட் கம்பெனிகள் மூடின. சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் அந்த ஜூனில் விளக்க வேண்டியிருந்தது.)

விபிஎன்னும் டோரும் ஒன்றா?

இல்லை. விபிஎன் என்பது உங்கள் போனிலிருந்து ஒரு கம்பெனியின் சர்வர் வரை போடப்பட்ட சுரங்கப்பாதை. நெட் கம்பெனிக்கு அந்தச் சுரங்கத்தின் வாய் மட்டும்தான் தெரியும். ஆனால் விபிஎன் கம்பெனிக்கு நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் இரண்டும் தெரியும். உங்கள் நம்பிக்கையை ஒரு கம்பெனியிடமிருந்து எடுத்து இன்னொன்றிடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ‘ஃப்ரீ விபிஎன்’ என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2013-ல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு விபிஎன் என்று சொல்லிக்கொண்டே பயனர்கள் எந்தெந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதே ஃபேஸ்புக்குக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018-ல் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து அது வெளியேற வேண்டியதாயிற்று.

டோர் வேறு மாதிரி. இதன் அடிப்படை யோசனை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இப்போது ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. வேலப்பன்சாவடியில் ஏறி ஒரே வண்டியில் சென்ட்ரல் போவது விபிஎன் என்றால், மூன்று வண்டி மாறிப் போவது டோர். முதல் வண்டிக்காரருக்கு நீங்கள் ஏறிய இடம் தெரியும், போகுமிடம் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரியாது. கடைசி ஆளுக்கு இறங்கும் இடம் தெரியும், எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரியாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் பல ஆயிரம் சர்வர்கள்தான் இந்த வண்டிகள். மூன்று வண்டி மாறினால் லேட்டாகத்தான் போய்ச் சேர்வீர்கள். டோர் ஸ்லோவாக இருப்பதற்கும் காரணம் அதுவே.

அப்போ டோரையே தடுத்தால்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. டோரின் சர்வர் பட்டியல் ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கிக்கொண்டு அத்தனை எண்களையும் தடுக்கவும் செய்யலாம். 2009 செப்டம்பரில் சீனா அதைத்தான் செய்தது.

பஸ் ஸ்டாப் எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், போலீஸ் அங்கே நின்றால் போதும். ஆனால் ஷேர் ஆட்டோ? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அது எங்கே நிற்கும் என்று போர்டு வைத்திருக்கிறார்களா என்ன? டோரின் ‘பிரிட்ஜ்’ என்பது அந்த ஷேர் ஆட்டோ. பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு சர்வர். கேட்டால் ஒன்றிரண்டு முகவரி மட்டும் கொடுப்பார்கள். மெயிலில் கேட்பதென்றால் ஜிமெயில் மாதிரி சில சேவைகளிலிருந்துதான் கேட்க முடியும். ஆயிரம் போலி மெயில் உருவாக்கி மொத்தப் பட்டியலையும் யாரும் உருவிவிடக் கூடாது என்பதற்காக.

சீனா சும்மா இருக்கவில்லை. சந்தேகப்பட்ட சர்வருக்குத் தானே ஒரு பயனர் மாதிரி இணைப்பு போட்டுப் பார்க்க ஆரம்பித்தது. மஃப்டி போலீஸ் கையைக் காட்டி “அண்ணே, பூந்தமல்லி போகுமா?” என்று கேட்பதுபோல. “ஏறுங்க” என்று சொன்னால் வண்டி பிடிபட்டது! இதற்கு எதிராக வந்ததுதான் ஓபிஎஃப்எஸ்4 என்ற முறை. பிரிட்ஜ் முகவரியோடு ஒரு ரகசியக் குறியீடும் சேர்த்துத் தருவார்கள். அது இல்லாமல் வந்து கேட்டால் சர்வர் வாயே திறக்காது. போகும் டேட்டாவும் எந்த வடிவமும் இல்லாத இரைச்சல்போலத் தெரியும்.

ஆனால் எந்த வடிவமும் இல்லாமல் இருப்பதே ஒரு அடையாளம் ஆகிவிட்டது. 2021 இறுதியிலிருந்து சீனா, புரியாத இரைச்சலாகத் தெரியும் இணைப்புகளையே சந்தேகப்பட்டு வெட்ட ஆரம்பித்ததாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் 2024 மார்ச்சில் டோர் அறிமுகப்படுத்திய வெப்டனல் நேர் எதிர் வழியில் போகிறது. தனியாகத் தெரியாமல், சாதாரண இணையதளத்துக்குப் போகும் டிராஃபிக் மாதிரியே வேஷம் போடுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக.

ஸ்னோஃப்ளேக் என்று இன்னொன்று. இதை நான் ‘லிஃப்ட்’ என்பேன். எங்கோ ஒரு ஊரில் யாரோ தன் ப்ரௌசரில் ஒரு நீட்டிப்பைப் போட்டு வைத்திருப்பார். அவர் பைக்கில் கொஞ்ச தூரம் உங்களைக் கொண்டுபோய் டோரின் வாசலில் விடுவார். அவர் லேப்டாப்பை மூடினால் இன்னொருவர். நிமிஷத்துக்கு நிமிஷம் ஆள் மாறுவதால் எதைத் தடுப்பது? 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்து நெட் கெடுபிடி வந்தபோது இதன் பயன்பாடு எகிறியது. ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுத்தபோதும் நூற்றுக்கணக்கில் புதிய பிரிட்ஜ்களைத் தன்னார்வலர்கள் திறந்தார்கள்.

பயனருக்கு இத்தனையும் தெரிய வேண்டியதில்லை. இப்போதைய டோர் ப்ரௌசரில் ‘கனெக்ட்’ அழுத்தி, இணைப்பு கிடைக்காவிட்டால், எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டு அதுவே ஒரு பிரிட்ஜை முயன்று பார்க்கும்.

நமக்கு இது எதற்கு?

நியாயமான கேள்வி. இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் பதில் சொல்வார்கள். தமிழ்நெட் தளம் அங்கே 2007-ல் தடுக்கப்பட்டு, 2015-ல் ஆட்சி மாறிய பிறகுதான் திறந்தது. போர்க்காலச் செய்தியைச் சொந்த ஊரில் படிக்கவே சுற்றுவழி தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. 2022 ஏப்ரல் 3-ல் கோத்தபய அரசு சமூக வலைதளங்களை முடக்கியபோது, தடை பயனற்றது, நானே விபிஎன் வழியாகத்தான் வந்திருக்கிறேன் என்ற தொனியில் ட்வீட் போட்டவர் அமைச்சரவையில் இருந்த நாமல் ராஜபக்ச! அன்றே தடை விலக்கப்பட்டது.

காஷ்மீரில் அப்படி முடியவில்லை. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில், அனுமதித்த 301 தளங்கள் மட்டும் என்று நெட் திரும்ப வந்தது. மக்கள் விபிஎன் போட்டார்கள். பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் போலீஸ், விபிஎன் வழியாகச் சமூக வலைதளங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக யுஏபிஏ உட்பட்ட பிரிவுகளில் வழக்கு போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா முழுமைக்குமாக விபிஎன்னையோ டோரையோ பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது விபிஎன்னுக்குத் தடை உத்தரவு போட்டிருக்கின்றன. அதை மீறினால் வழக்கு வரும். அதேபோல, வழி எதுவானாலும் செய்யும் காரியம் குற்றம் என்றால் குற்றம்தான்.

நெருக்கடி பயனருக்கு நேரடியாக வரவில்லை, சேவை தருபவருக்கு வந்தது. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி எண் எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன் மூன்றும் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. அலுவலக விபிஎன்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஜனவரி வாக்கில் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 உள்ளிட்ட சில ஆப்கள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போயின.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. 69ஏ விதிகளின்படி தடை உத்தரவுகள் ரகசியம். ஆனால் இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10-ல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊருக்கே நெட்டை நிறுத்தினால் உத்தரவைக் காட்ட வேண்டும், ஒரு தளத்தை மட்டும் நிறுத்தினால் காட்ட வேண்டாம் என்பது எந்தக் கணக்கு? உத்தரவு கண்ணில் பட்டிருந்தால் அன்று ராத்திரி நான் “சர்வர் டவுன்” என்று உளறியிருக்க மாட்டேன்.

இன்ஸ்டால் செய்யும் முன்...

இந்தப் பக்கம் காலேஜும் ஹாஸ்டலும் அதிகம், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபீஸ், காலேஜ் வைஃபையில் நீங்கள் சந்திப்பது பெரும்பாலும் அரசுத் தடை இல்லை, அந்த நிர்வாகத்தின் ஃபயர்வால். அதைத் தாண்டுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட விதிகளுக்கு எதிராக இருக்கலாம். வேலை போனால் டோர் வந்து காப்பாற்றாது.

டோரில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது மறையும். டோரில் இருக்கிறீர்கள் என்பது சும்மா மறையாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டில் ஒரு மாணவர் பரீட்சையைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் மெயிலை டோர் வழியாக அனுப்பினார். மெயிலில் தடயம் இல்லை. ஆனால் கேம்பஸ் வைஃபையில் அந்த நேரத்தில் யார் டோர் போட்டிருந்தார்கள் என்று பார்த்தே விசாரணையில் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று, கடைசி வண்டிக்காரர். 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் டோரின் கடைசி சர்வர்கள் சிலவற்றை நடத்தி, அதன் வழியே பாதுகாப்பில்லாமல் போன மெயில் பாஸ்வேர்டுகளைப் பிடித்து வெளியிட்டார். அதில் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன. பூட்டுச் சின்னம் இல்லாத தளத்தில் டோர் போட்டும் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள். டோருக்குள் போய் உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கைத் திறந்தால், நீங்கள் யார் என்று நீங்களே சொன்னதாகிவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இதை எழுதுவதற்காக நேற்று சாயங்காலம் என் லேப்டாப்பில் ஸ்னோஃப்ளேக் நீட்டிப்பைப் போட்டேன். அவர்கள் பார்க்கும் தளங்களுக்கு என் ஐபி முகவரி போகாது, போவது டோரின் கடைசி சர்வருடையதுதான். ராத்திரி லேப்டாப்பை மூடும்போது, இதுவரை 3 பேருக்கு உதவியிருக்கிறீர்கள் என்று காட்டியது. யார், எந்த ஊர், என்ன படித்தார்கள் என்று தெரியாது.