பண் பயிலட்டும் பள்ளிகள்!

இற்றைப் பள்ளிகளில் இசையாசிரியர் இடத்தை மின்னிசைப் பலகையும் திறன்பேசிச் செயலியும் பற்ற முனைகின்றன. பொறியை நாம் வெறுத்தோமல்லேம். ஆயின், அழுத்திய நிலையிலேயே ஒலிக்கும் கட்டைகள் தமிழ்ப்பண்ணின் குழைவைத் தாரா. இக்குறையும் ஒரு கரணியமாகவே 1940இல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியப் பெட்டியை விலக்கிற்று. அத்தடை 1971இல்தான் தளர்ந்தது.

சம்பந்தர் நட்டபாடையிற் பாடிய திருவலிதாயம் அம்பத்தூரை அடுத்த பாடியில் உள்ளது. சுந்தரர் தக்கேசியிற் பாடிய திருமுல்லைவாயில் ஆவடிக்கு அண்மையது. இவ்வூர்ப் பிள்ளைகள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனும் ஏழிசைப் பெயரும் அறியாது வளரின், பழி யாருடையது?

பள்ளிதோறும் தமிழிசை வல்லாரை நிலையான பணியில் அரசு அமர்த்துக! முதலில் வாய் பாடட்டும், செவி பழகட்டும். பின்னர்ப் பொறி துணை நிற்கட்டும். பெற்றோரே, இதனை வலியுறுத்த எழுக!