சொந்தப் பாட்டும் சொந்த ஜீவனமும்

சென்னையில் சங்கீதம் எங்கே பிறக்கிறது என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் கேட்டிருந்தால், வயலின் கோஷ்டியும் கோரஸ் பாடுகிறவர்களும் ஒருங்கே உட்காரத்தக்க பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களையே வடபழனியிலும் சாலிகிராமத்திலும் காட்டியிருப்பார்கள். இன்று அதே தெருக்களில், மாடிப்படி ஏறிப்போனால், ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு சிறிய கீபோர்டு ஆகியவற்றை ஒற்றை மேஜையில் அடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குப் பழைய மெத்தையை முட்டுக்கொடுத்து, ஆட்டோச் சத்தம் ஓய்ந்த பிற்பாடு குரல் பதிவு செய்கிற இளைஞர்களைக் காணலாம். மெட்டுப் போடுவது, தாளம் கட்டுவது, பாடகரை வரவழைத்துப் பாடவைப்பது, மிக்ஸிங், மாஸ்டரிங் என்னும் மெருகு வேலைகளைச் செய்வது, கடைசியில் பாட்டை உலகத்துக்கு அனுப்புவது ஆகிய அத்தனையும் ஒரே மனிதரின் பொறுப்பாகிவிட்டன. இவரைத்தான் சுயாதீன மியூசிக் புரடியூசர் என்கிறோம்.

பாட்டு உண்டாக்கும் செலவு குறைந்துவிட்டது. அது பெரிய நன்மை. ஆனால் பாட்டினால் பிழைக்கும் வழி அதே அளவுக்கு எளிதாகிவிட்டதா என்று பார்த்தால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் உற்சாகத்தோடு தொடங்கியவர்களில் அநேகர், முப்பத்தைந்தில் குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை முன்னிட்டு வேறு உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள். இதற்கு அவர்களுடைய திறமைக் குறைவே காரணம் என்று சொல்வது அநியாயம். கூலியாக வருகிற பணம் இன்றைய சோற்றுக்கு உதவும். உரிமையாக நிற்கிற பாட்டுத்தான் பின்னாளில் சோறு போடும். இந்த இரண்டாவது விஷயத்தை நம் இளைஞர்களுக்கு யாரும் கிரமமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

செல்போனில் பாட்டுக் கேட்கும் செயலிகளையே பலர் தங்கள் ஜீவனத்துக்கு ஆதாரமாக நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது தனி நபருக்கான சந்தா மாதம் 119 ரூபாய்; பிற்பாடு அது கூடியிருக்கிறது. அந்த ஸ்தாபனம் பாட்டு ஒன்றுக்கு இத்தனை பைசா என்று விலை நிர்ணயிப்பதில்லை. மாத வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கென ஒதுக்கி, கேட்கப்பட்ட மொத்தப் பாட்டுகளில் எவருடையது எத்தனை சதவீதமோ அந்த விகிதப்படி பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு சந்தாதாரர் மாதத்துக்கு ஆயிரம் பாட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்; நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு அது அதிகமல்ல. 119 ரூபாயில் வரி போக மிஞ்சுவது சுமார் நூறு. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஆயிரத்தால் வகுத்தால், பாட்டு ஒன்றுக்கு ஏழு பைசாவுக்கும் குறைவு. பத்து லட்சம் முறை ஒலித்த பாட்டுக்கு, கேட்டவர் அனைவரும் சந்தா கட்டியவர்களாகவே இருந்தாலும், அறுபத்தேழாயிரம் ரூபாய்க்கு மேல் தேறாது. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களால் வருவதோ இதைவிட வெகு சொற்பம்.

அந்தத் தொகையிலிருந்துதான், பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பாடியவருக்கும், கிட்டார் வாசித்தவருக்கும், அட்டைப் படம் வரைந்தவருக்கும் கொடுத்தாக வேண்டும். 2024 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபையில் பணமே கிடையாது. பத்து லட்சம் என்பது நம் சுயாதீனக் கலைஞர்களில் வெகு சிலருக்கே வாய்க்கிறது. வாய்த்தாலும் ஒரு வருஷ வீட்டு வாடகைக்குக் காணுமா என்பது சந்தேகம். ஆகவே செயலிகளை விளம்பரப் பலகையாகக் கருதலாம்; அவையே சம்பளம் தரும் எஜமானன் என்று எண்ணி இருக்கிற வேலையை விடுவது விவேகமாகாது.

பிறகு பணம் எங்கேதான் இருக்கிறது? பிறருக்குச் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறது. விளம்பர ஜிங்கிள், குறும்படத்துக்குப் பின்னணி இசை, பெரிய இசையமைப்பாளரிடம் புரோகிராமிங், இன்னொருவர் பாட்டுக்கு மிக்ஸிங், மேடைக் கச்சேரி, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவையே மாதாமாதம் அடுப்பெரிய வைப்பவை. இவற்றைச் செய்வது சுயாதீனத்துக்கு இழுக்கு என்று எண்ணும் ஒரு மனோபாவம் நம் இளைஞர்களிடம் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏ. ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன் பல ஆண்டுகள் பிறருக்குக் கீபோர்டு வாசித்தும், எண்ணற்ற விளம்பர ஜிங்கிள்களுக்கு இசையமைத்தும் வாழ்ந்தவர். 1989இல் தம் வீட்டையொட்டியே 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது, அதன் நாதம் நாட்டுக்கே புதிதாக இருந்தது. வேறெவர் கூடத்தின் வாடகைக் கடிகாரத்துக்கும் அஞ்சாமல், இரவு முழுவதும் ஒரு சப்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும் சுதந்திரம் அந்தச் சொந்தக் கூடத்தினால் வந்தது. பிறருக்கு உழைக்கும் காலத்திலேயே தனக்கென்று ஒரு சாதனத்தைச் சம்பாதித்துக்கொள்வதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உபாயம்.

ஆனால் சாதனத்தைவிடப் பெரிய சொத்து பாட்டின் உரிமை. இதில் நம்மவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் நீண்ட சரித்திரம் உடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, தயாரிப்பாளருக்குக் கூலிக்கு இசையமைத்துக் கொடுத்தவர், மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், படத்தில் சேர்ந்த தம் இசையின் மீது உரிமை கோர இயலாது என்று நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்போடு தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகர் முதலிய கலைஞர்களுக்குச் சட்டத்தில் உள்ள குறையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று கவலையோடு சுட்டிக்காட்டினார். இசையமைத்தவர்களின் குறையைக் கவனிப்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வித்வான்கள் ஒரு தடவைக் கூலியோடு தங்கள் பாட்டைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு முதுமையில் வறுமைப்பட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

2012இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவிலோ படத்திலோ சேர்ந்த பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர மற்ற வகைகளில் வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு, அந்தப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஒப்பந்தம் செய்யும் நாளில் இல்லாத ஒரு சாதனத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. இவற்றோடு, சட்டத்தில் முன்பிருந்தே உள்ளவையும் உண்டு: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள். எந்தப் பிரதேசத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். பெற்றுக்கொண்ட உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். கலைஞர்களுக்கு இவ்வளவு அனுகூலமான ஷரத்துகள் கைவசம் இருந்தும், அவற்றை வாசித்தவர்கள் நம் இசைக் கூடங்களில் மிகச் சிலரே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வதற்குள் சட்டத்தின் பார்வையில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மேற்சொன்ன ராயல்டிப் பாதுகாப்பு முதல் இரண்டுக்கே உண்டு. மூன்றாவதான ஒலிப்பதிவின் கர்த்தா அதைத் தயாரித்தவர்; தயாரித்தவர் என்றால், அதை உண்டாக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர் என்று சட்டம் விளக்குகிறது. தன் பணத்தில் தன் அறையில் தானே துணிந்து ஒரு பாட்டைப் பதிவு செய்கிறவர், வெளியான ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் அந்த மாஸ்டருக்கு, அதாவது மூல ஒலிப்பதிவுக்கு, சொந்தக்காரர். ஆனால் அந்த மாஸ்டரை முழுக் காலத்துக்கும் எழுதி விற்றுவிட்டால் விற்றதுதான். சட்டம் கைகொடுத்துத் தூக்கிவிடாது. தாளமும் பேஸும் மட்டும் அமைத்துக் கொடுத்த புரடியூசரோ, இசையமைத்தவர்களில் ஒருவராகத் தம் பெயரை எழுத்தில் பதிந்துகொள்ளாவிட்டால், மெட்டிலும் பங்கில்லை, மாஸ்டரிலும் பங்கில்லை என்ற நிலைக்கு ஆளாகிறார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாதவரையும் இசையமைத்தவராகவே சட்டம் ஏற்கிறது. ஆகவே 'நான் வெறும் பீட் போட்டவன்தானே' என்று ஒதுங்கிப் போவதற்குக் காரணமே இல்லை.

நடைமுறையில் இது எப்படிக் கைநழுவுகிறது என்பதை நான் பல அறைகளில் பார்த்திருக்கிறேன். குரல் பதிவு முடிந்து, விடியற்காலையில் டீ குடித்து, நண்பர்களாகக் கலைவார்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பேச்சை எடுப்பது சிநேகத்துக்குப் பங்கம் என்று கூச்சப்படுவார்கள். பாட்டு மேலேறும்போது விநியோகப் படிவத்தில் ஒருவர் பெயர் இனிஷியலோடும், இன்னொருவர் பெயர் இனிஷியல் இல்லாமலும், மூன்றாமவர் பெயர் மறந்துபோயும் பதிவாகும். மறுபாட்டுக்கு அதே மனிதர் வேறு எழுத்துக்கூட்டலில் தோன்றுவார். பெயர் பொருந்தாத பணம் உரியவரைத் தேடிக்கொண்டு வருவதில்லை. பாட்டு ஓடாத வரையில் எவரும் கவலைப்படமாட்டார்கள். ஓடத் தொடங்கிய மறுநாளே மனஸ்தாபம்.

பெரிய வெற்றிகூட இதற்கு விலக்கல்ல. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி', சினிமாவின் துணையின்றித் தமிழ்ப் பாட்டு உலகமெங்கும் போக முடியும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது. அந்தப் பாட்டினால் தங்களுக்கு வருவாய் வந்து சேரவில்லை என்று அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அது ஒரு தரப்பின் கூற்று. தகராறின் நியாயத்தை நிர்ணயிப்பது என் வேலையல்ல. ஆயினும் அத்தனை கோடி பேர் கேட்ட பாட்டுக்கே கணக்கு விவகாரமாகிறதென்றால், மாடி அறையில் தனியே இருப்பவருக்குக் காகிதம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

சினிமாவுக்கு வெளியே பாட்டுக்கு இங்கே வாழ்வில்லை என்று சொல்லிவிட முடியாது. எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும், நாகூர் ஹனீபாவின் பாட்டும் தலைமுறைகளைத் தாண்டி ஒலிக்கின்றன. ஆடி மாதத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலிபெருக்கி ஓயாது. ஆனால் மெய்யான சமயச் சடங்கிலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டை ஒலிக்கச் செய்வது பதிப்புரிமை மீறலாகாது என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு நியாயமானதே. கோயில் வாசலில் வசூல் செய்ய எவரும் விரும்பார். நம் பாட்டு அதிகமாக ஒலிக்கும் இடங்கள் வருமானம் தராத இடங்கள் என்பதால், வருமானம் தரும் ஓட்டல், கடை, வானொலி, தொலைக்காட்சி, செயலி ஆகியவற்றில் கணக்குக் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். அந்த வசூலை மெட்டுக்கும் வரிகளுக்கும் செய்து கொடுப்பதற்கென்றே 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராகாத இசையமைப்பாளர், தம் பெயரில் சேர வேண்டியதைக் கேட்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்.

ஆகையால் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஜிங்கிள் செய்யுங்கள், பிறர் படத்துக்கு உழையுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை; ஆனால் வருஷத்துக்கு நாலு பாட்டாவது மாஸ்டர் உரிமை உங்களிடமே நிற்கும்படி வெளியிடுங்கள். பதிவு நடக்கும் நாளிலேயே, டீ ஆறுவதற்கு முன், யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருங்கள், உங்கள் பெயரை எங்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். பட்ஜெட் இல்லை என்று சொல்லி இசையை இலவசமாகக் கேட்கும் குறும்பட இயக்குநர்களே, பணம் கொடுக்க இயலாவிட்டால் உரிமையையாவது இசையமைத்தவரிடமே விட்டுவையுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் ஊரில் சுயாதீனக் கலைஞர் ஒருவரின் கச்சேரி நடந்தால், இலவச பாஸ் தேடாமல் டிக்கெட் வாங்கிப் போய்க் கேளுங்கள்.