சொப்பிங் பேக்குக்குக் காசு: சிறு வியாபாரிக்குச் சுமையா, சேமிப்பா?

2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்க முடியாது. பையின் விலையைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும், பில்லிலும் தனியாகக் காட்ட வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இந்தப் பணிப்பு வர்த்தமானியில் வந்ததிலிருந்து நமது ஊர்க் கடைத்தெருக்களில் ஒரே புலம்பல்தான். "ஐந்து ரூபாய் பைக்காக கஸ்டமரோடு சண்டை பிடிக்கச் சொல்கிறார்கள்" என்கிறார் ஒரு புடவைக் கடை முதலாளி. "சுப்பர் மார்க்கெட்டுக்குப் பொருத்தமான சட்டத்தை சில்லறைக் கடைக்காரன் தலையில் கட்டுகிறார்கள்" என்கிறார் இன்னொருவர்.

இந்தப் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் சுற்றாடல் என்ற சொல்லைக் கேட்டதும் நமது வியாபாரிகள் அதைச் செலவு என்றே மொழிபெயர்த்துக் கொள்கிறார்கள்.

ஒரு நடுத்தர பலசரக்குக் கடை நாளொன்றுக்கு 200 பைகள் கொடுக்கிறது, ஒரு பை முதலாளிக்கு 5 ரூபாய் அடக்கம் என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு 1,000 ரூபாய். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 26,000 ரூபாய். ஒரு பகுதிநேரப் பையனின் சம்பளம் இவ்வளவு காலமும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக எழுதப்படாமல் பையாகக் கடையை விட்டு வெளியே போயிருக்கிறது. அரசாங்கத்தின் கட்டளை ஒன்று வியாபாரியின் செலவைக் குறைப்பது அபூர்வம், இது அப்படிப்பட்ட ஒன்று. பக்கத்துக் கடைக்காரன் இலவசமாகக் கொடுக்கும்போது நான் மட்டும் காசு கேட்டால் ஆள் வராது என்ற பயம்தான் இதுவரை தடையாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று வந்த பிறகு அந்தப் பயத்துக்கு இடமில்லை. மிச்சமாகும் காசில் ஒரு பங்கை, சொந்தப் பை கொண்டு வருகிறவருக்கு இரண்டு மூன்று ரூபாய் கழிவாகக் கொடுத்துப் பாருங்கள். காசு கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் கழிவு கொடுத்தால் சிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்கு என்றாலும் மனித சுபாவம் அப்படித்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கைபிடியில்லாத பைக்கு மாறிவிட்டால் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சரசரவென்று சத்தம் போடும் 'சிலி சிலி' பேக் 2017ஆம் ஆண்டிலிருந்தே தடை. சோற்றுப் பார்சலுக்கான பொலித்தீன் லன்ச் ஷீட்டும், ரெஜிபோம் பெட்டியும் அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்டவைதான். அந்த வருடம் ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மண்ணோடும் குப்பையோடும் புதைந்து இறந்த பிறகு வந்த தடைகள் இவை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு வரை பட்டியல் நீண்டது.

பட்டியல் நீண்டதே தவிர, கடைத்தெரு மாறியதா? சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள், பதில் தெரியும். இங்கேதான் வியாபாரிகளின் புலம்பலில் உள்ள நியாயம் வருகிறது. தடை செய்யப்பட்ட பொருளை உற்பத்தி செய்பவன் இருக்கிறான், மொத்தமாக விற்பவன் இருக்கிறான். அதிகாரிகள் வந்து தண்டப்பணம் எழுதுவதோ கடைசிப் படியில் நிற்கும் சோற்றுக் கடைக்காரருக்கு. ஒரு தொழிற்சாலையைச் சோதனையிடுவதை விட நூறு சாப்பாட்டுக் கடைகளைச் சோதனையிடுவது இலகு என்று அதிகாரிகள் நினைக்கிறார்களோ என்னவோ. மத்திய சுற்றாடல் அதிகார சபை வாய்க்காலின் மேல் முனையை அடைக்காமல் கீழ் முனையில் கை வைத்துக் கொண்டிருக்கும் வரை இந்தத் தடைகள் பாதிதான் வேலை செய்யும்.

இருந்தாலும், மேலிடம் சரியில்லை என்பதற்காக நாம் சும்மா இருக்கலாமா? அம்பாறை மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒலுவில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைக் கூட்டங்கள் பொலித்தீனோடு சேர்த்து உணவுக் கழிவைத் தின்னும் படங்களை உலகமே பார்த்தது. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக சர்வதேச ஊடகங்கள் எழுதின. அந்தக் குப்பை கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று சுற்றியிருக்கும் நமது ஊர்களிலிருந்து போனது. சோறும் கறியும் ஒட்டிய லன்ச் ஷீட் யானைக்குச் சாப்பாடாகத்தான் மணக்கும். யானைக்கு அது பொலித்தீன் என்று தெரியாது. மனிதனுக்குத் தெரியும். அதோடு குப்பைக்குப் பழகிய யானை குப்பையோடு நிற்பதில்லை, வயலுக்கும் வீட்டு மதிலுக்கும் வருகிறது. இழப்பு கடைசியில் நமது விவசாயிக்கே.

லன்ச் ஷீட்டுக்கு மாற்று என்ன என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். உக்கும் ஷீட் என்று கடைகளில் விற்பதை எல்லாம் நம்ப வேண்டாம். அவற்றில் பல, முறையான கொம்போஸ்ட் நிலையத்தின் சூட்டிலும் ஈரத்திலும் உக்குமே தவிர, திறந்த குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். விலையும் கூடுதல். வாழையிலையும் தாமரையிலையும் நமக்குப் புதிதல்ல, ஆனால் நகரத்தில் நாளொன்றுக்கு 300 பார்சல் கட்டும் கடைக்கு இலை தேடுவது தலைவலிதான். ஆகவே நான் சொல்வது வேறு. தினமும் சோறு எடுக்கும் வாடிக்கையாளர்களை முதலில் பிடியுங்கள். வங்கி ஊழியர், பாடசாலை ஆசிரியர், பக்கத்துக் கடைப் பையன்கள் என்று ஒவ்வொரு கடைக்கும் ஐம்பது அறுபது நிரந்தரப் பார்சல் இருக்கும். அவர்களின் பெயர் எழுதிய டிபன் பெட்டி இரண்டு வாங்கி வைத்தால், ஒன்று அவரிடம், மற்றது கடையில். காலையில் காலிப் பெட்டி வரும், பகல் நிறைந்த பெட்டி போகும். முதல் செலவு இருக்கிறது, ஆனால் ஷீட்டுக்கும் பேப்பருக்கும் பைக்கும் தினமும் போகும் காசு அதை சில மாதங்களில் ஈடுகட்டிவிடும். அதைவிடப் பெரிய இலாபம், அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார். அவருடைய பெட்டி உங்களிடம் இருக்கிறதே!

உண்மையில் இந்த விடயத்தில் நமது சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு சஹனில் சாப்பிட்டு எழுந்தால் கழுவ வேண்டியது ஒரே ஒரு தட்டு. நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்து சட்டி கொண்டு பள்ளிவாசலுக்குப் போன காலத்தில் ஒரு துண்டு பொலித்தீனும் மிஞ்சவில்லை. இப்போது வலீமாவில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், பாதி குடித்து மேசையில் விடப்படுகிறது. கஞ்சி பல இடங்களில் பொலித்தீன் பையில் கட்டப்படுகிறது, அதுவும் கொதிக்கக் கொதிக்க. வீண்விரயம் பற்றி குத்பாவில் கேட்டுவிட்டு வெளியே வந்து இதைத்தான் செய்கிறோம்.  பள்ளி நிர்வாகங்கள் "சட்டி கொண்டு வருபவருக்கே கஞ்சி" என்று இப்போதே அறிவித்தால் ஒரு சதமும் செலவில்லாத மாற்றம் அது.

இனி மின்சாரம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது மூடிய சிறு தொழில்கள் எத்தனை என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பிறகு கூடுவதும் குறைவதுமாக இருந்தாலும் பழைய பட்டியலுக்கு யாரும் திரும்பவில்லை. மின்சாரத்தைக் குறைப்பது இன்று சுற்றாடல் சேவையாக இருப்பதற்கு முன்னர் உயிர்பிழைக்கும் வழி.

பழைய 40 வோட் டியூப் லைட்டுக்குப் பதிலாக 18 வோட் எல்.ஈ.டி. டியூப் போட்டால் 22 வோட் மிச்சம். பழைய சோக் இழுக்கும் மின்சாரத்தைச் சேர்த்தால் இன்னும் கூட. பத்து டியூப், நாளுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் மாதத்தில் சுமார் 79 அலகுகள். சாதாரண சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வோட் இழுக்கிறது, புதிய பி.எல்.டி.சி. வகை 30 வோட் அளவில் அதே காற்றைத் தரும். நான்கு ஃபேனுக்கு மாதம் 65 அலகுகள் குறையும். உங்கள் மின்பட்டியலை எடுத்து ஓர் அலகுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பார்த்து நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். நகைக் கடையிலும் புடவைக் கடையிலும் இன்னும் ஹலஜன் ஸ்பொட் லைட் வைத்திருப்பவர்கள் இரட்டை நஷ்டம் அடைகிறார்கள். அந்த பல்ப் 50 வோட் இழுத்து, பெரும்பகுதியைச் சூடாகக் கக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. மறுபடி மின்சாரம் குடிக்கிறது. 7 வோட் எல்.ஈ.டி. அந்த வேலையைச் செய்யும்.

குளிர்சாதனப் பெட்டி இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடுகிறது, ஆனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவுக்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடுங்கள். இலகுவாக இழுபட்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள். பின்பக்கக் கொயிலில் மாவும் தூசியும் படிந்திருந்தால் தூரிகையால் தட்டிவிடுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்று போக இடம் விடுங்கள். ரப்பரைத் தவிர எதற்கும் காசில்லை. சாப்பாட்டுக் கடைகளில் பருப்பையும் கடலையையும் முன்னிரவே ஊற வைப்பது, மாட்டிறைச்சியைத் திறந்த சட்டியில் மணிக்கணக்கில் வேக விடாமல் பிரஷர் குக்கரில் அவிப்பது, சட்டிக்கு மூடி போடுவது எல்லாம் 12.5 கிலோ சிலிண்டரை இன்னும் சில நாள் இழுக்கும். வீட்டில் உம்மா செய்வதைத்தான் சொல்கிறேன், கடைச் சமையலறையில் ஏனோ அது மறந்து போகிறது.

சூரிய மின்சாரத்தைப் பலரும் முதலாவதாகக் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வீணாகும் மின்சாரத்தைக் குறைக்காமல் பெனல் போட்டால், வீணாவதற்கும் சேர்த்துப் பெனல் வாங்குகிறீர்கள். தேவை குறைந்த பிறகு அளவும் குறையும், விலையும் குறையும். அத்தோடு, மின்சார சபைக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கு முன்னரைப் போல இல்லை. புதிதாக இணைபவர்களுக்கான கொள்வனவு விலை குறைக்கப்பட்டிருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்ததால் பகல் 3 மணி வரை கூரைப் பெனல்களை அணைத்து வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே பகலில் தானே பாவிக்கும் தொழில்களுக்குத்தான் அது இலாபம். தையலகம், அரைக்கும் மில், மரத்தளபாடப் பட்டறை, பகல் முழுக்கக் குளிரூட்டி ஓடும் கடை போன்றவை. வட்டிக் கடன் வேண்டாம் என்பவர்கள் முராபஹா அடிப்படையில் நிதியளிக்கும் வங்கிகளிடம் கேட்கலாம். ஆனால் தவணைத் தொகை இன்றைய மின்பட்டியலை விடக் குறைவா என்று எழுதிப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். விற்க வருபவர் காட்டும் கணக்கில் எப்போதும் வெயில்தான் அடிக்கும், மாரி வராது.

தனியாளாக முடியாததை வர்த்தக சங்கம் செய்யலாம். ஐம்பது கடைகளுக்கு ஒன்றாக எல்.ஈ.டி. வாங்கினால் விலை வேறு. மருதமுனைக் கைத்தறித் துண்டுகளிலும் தையலகங்களில் மிஞ்சும் வெட்டுத் துணியிலும் பைகள் தைத்து, ஊரின் எல்லாக் கடைகளிலும் ஒரே விலைக்கு வைக்கலாம். தைக்கும் வேலை வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் போகும். காட்போட், போத்தல், இரும்பு என்று பிரித்து வைத்தால் கிலோக் கணக்கில் வாங்குபவர்கள் வாசலுக்கே வருகிறார்கள். சோறும் எலும்பும் காய்கறிக் கழிவும் பொலித்தீனோடு கலக்காமல் இருந்தால் மட்டுமே கோழிப் பண்ணைக்கோ கொம்போஸ்டுக்கோ போகும். பாவித்த எண்ணெயை வடிகானில் ஊற்றுவதும், மலிவாகக் கேட்கிறான் என்று முகம் தெரியாதவனுக்கு விற்பதும் கூடாது. அது வேறொரு கடையின் வடைச் சட்டிக்குத் திரும்பி வராது என்பதற்கு யார் உத்தரவாதம்?

ஆனால் கடைக்காரர் நான்கு வாளியில் பிரித்துக் கொடுப்பதை ஒரே டிரக்டரில் கொட்டிக் கொண்டு போனால் யார் மறுபடி பிரிப்பார்? 2025 மே 6ஆம் திகதி வாக்களித்து நாம் அனுப்பிய உறுப்பினர்கள் இப்போது சபைகளில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டங்கள் ஆண்டுதோறும் சபைகளுக்கு வருகின்றன. தரம் பிரித்த குப்பையைத் தனித்தனி நாளில் எடுப்பதற்கும், குப்பைமேட்டுக்கு யானை வேலி போட்டுப் பராமரிப்பதற்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வர்த்தக சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும், வாக்கெடுப்புக்கு முன்னரே.