தவறு கேள்வித்தாளில்! தண்டனை பிள்ளைகளுக்கா?

நீட் தேர்வு முடிவு வந்த அன்று, கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம பிள்ளைக்கு இவ்வளவுதான் அறிவு" என்று தீர்ப்பு எழுதிவிடும் பெற்றோர்களே! உங்களிடம் சில கேள்விகள்.

அந்தத் தாளில் 'பெர்சன்டைல்' என்று ஓர் எண் இருக்கிறதே, அது என்னவென்று விசாரித்தீர்களா? அது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதல்ல. தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் பிள்ளைக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்பதே அது. பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல் தகுதி என்றதும் பாதி மதிப்பெண் என்று நினைத்துவிடுகிறோம். 2018இல் அது எவ்வளவு தெரியுமா? 720க்கு 119! இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 96! அரசுக் கல்லூரி இடமோ இதைப்போல் சில மடங்கு கேட்கும். அப்படியானால் 119 எடுத்தவருக்கு எங்கே இடம்? தனியார் கல்லூரியில் லட்சம் லட்சமாகக் கட்ட முடிந்தால் இடம்! ஆட்டோ ஓட்டும் தகப்பனுக்கு இந்தத் 'தகுதி'யால் என்ன பயன்?

அதே ஆண்டு நடந்ததை மதுரைக்காரர்கள் மறக்கலாமா? தமிழ்க் கேள்வித்தாளில் 180 கேள்விகளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழை என்று டி.கே.ரங்கராஜன் எம்.பி. வழக்குத் தொடுத்தார். கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் வழங்கித் தரவரிசையைத் திருத்துமாறு சி.பி.எஸ்.இ.க்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10 அன்று உத்தரவிட்டது. பத்தே நாளில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் அந்த உத்தரவையே ரத்து செய்தது.

சரியாக விடை எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் ஒரேபோல 196 கொடுப்பது முறையா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு பரிகாரம் சரியில்லை என்றால் வேறு பரிகாரம் தர வேண்டாமா? மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்றது விதி. ஆங்கிலத்தைப் படித்துத் தெளிவு பெற முடிகிற பிள்ளை தமிழ்த் தாளை ஏன் கேட்கப் போகிறது?

கணக்கைப் பாருங்கள். தகுதி மதிப்பெண் 119. வழக்குக்கு உள்ளான மதிப்பெண் 196! கடையில் எடைக்கல் குறைந்தால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். தேர்வின் தராசு பழுதென்றால் மட்டும் பிள்ளையை ஏசுகிறோம். இது என்ன நீதி?

இனியாவது தேர்வு முகமை வெளியிடும் ஓ.எம்.ஆர். நகலையும் விடைக்குறிப்பையும் கேள்வி கேள்வியாக ஒப்பிடுங்கள். தெரியாமல் விட்டது எத்தனை, ஊகித்து எழுதி மைனஸ் மதிப்பெண்ணில் இழந்தது எத்தனை, எந்தப் பாடத்தில் சறுக்கல் என்று பிரித்துப் பாருங்கள். விடைக்குறிப்பில் பிழை கண்டால் கெடு முடியுமுன் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். நெல்பேட்டையிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் படித்த இளைஞர்கள் இதற்காக ஒரு மாலை ஒதுக்கினால் போதும்.

அந்தத் தாள் சொல்வது ஒருநாள் எழுதிய ஒரு தேர்வின் கணக்கை மட்டுமே. பிள்ளையின் ஆயுள் கணக்கை எழுத அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது? நாம்தானே! கொடுத்ததை நாமே திரும்பப் பெறுவோம்!