சீனாவை அமெரிக்கர் யாருடைய கண்ணால் பார்க்கிறார்கள்?

2005ஆம் ஆண்டு பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் சீனாவைப் பற்றிக் கேட்டபோது, அந்நாட்டின் மீது நல்லெண்ணம் இல்லை என்றவர்கள் 35 வீதம். 2023இல் அதே பதிலைச் சொன்னவர்கள் 83 வீதம். வர்த்தகப் போர், ஹொங்கொங், கொவிட் எனக் காரணங்களை அடுக்கலாம். ஆனால் இன்னொன்றும் நடந்தது. சீனாவை நேரில் அறிந்த அமெரிக்கர்கள் குறைந்துபோனார்கள். 2011-12 கல்வியாண்டில் ஏறக்குறைய 15,000 அமெரிக்க மாணவர்கள் அங்கே படித்தார்கள். பத்து வருடம் கழித்து 2021-22இல் 211 பேர். கொவிட் காலம் என்பது உண்மைதான். ஆனால் எல்லைகள் திறந்த பிறகும் பழைய தொகை திரும்பி வரவில்லை.

1996இல் பீட்டர் ஹெஸ்லர் என்ற இளைஞர் பீஸ் கோர் தொண்டராக யாங்சி நதிக்கரையில் உள்ள ஃபூலிங் என்ற சிறு நகருக்குப் போனார். அவர் ஆங்கிலம் கற்பித்தது ஓர் ஆசிரியர் கல்லூரியில். மாணவர்கள் பெரும்பாலும் கிராமத்து விவசாயிகளின் பிள்ளைகள். இரண்டு வருடம் அங்கே இருந்து அவர்களுடைய மொழியைக் கற்று, பின்னர் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் வரும் சீனர்கள் அரக்கர்களுமல்ல, அதிசயப் பிறவிகளுமல்ல. பரீட்சைக்குப் பயப்படுகிற, குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிற மனிதர்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு வகுப்பறையில் இரண்டு வருடம் இருந்தவருக்கு அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வது கடினம்.

1993 முதல் 1,300க்கும் அதிகமான தொண்டர்கள் இப்படிப் போய் வந்தார்கள். 2020இல் வொஷிங்டன் அந்தத் திட்டத்தை மூடியது. அதே வருடம் ஜூலையில் டிரம்ப், சீனாவுக்கான ஃபுல்பிரைட் பரிமாற்றத்தையும் நிறுத்தினார். பீஜிங்கும் சளைக்கவில்லை. அமெரிக்காவில் இயங்கும் சீன அரச ஊடகங்களின் ஆட்தொகைக்கு வொஷிங்டன் வரம்பு போட்டதும், அந்த மார்ச் மாதமே நியூயோர்க் டைம்ஸ், வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல், வொஷிங்டன் போஸ்ட் ஆகியவற்றின் அமெரிக்கச் செய்தியாளர்களை வெளியேற்றியது.

நேரடி உறவு இருந்தால் உண்மை தானாக வந்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. எட்கர் ஸ்னோ 1936இல் வடக்கு ஷான்சிக்குப் போய் மாவோவைச் சந்தித்தவர். அதுவரை வெளியுலகம் அறியாத ஒரு தலைவரை அறிமுகப்படுத்தியவர். அதே ஸ்னோ 1960இல் திரும்பிப் போனபோது, நாட்டில் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்த பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. அவர் பஞ்சம் இல்லை என்று எழுதினார். தலைவரின் விருந்தாளிக்கும் கல்லூரி ஆசிரியருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆள் இல்லாத இடத்தைப் பிம்பங்கள் நிரப்புகின்றன. நம் நாடே அதற்கு ஓர் உதாரணம். 2018 ஒக்டோபரில் அன்றைய துணை ஜனாதிபதி மைக் பென்ஸ், சீனாவின் 'கடன் பொறி'க்குச் சாட்சியாக ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் காட்டினார். ஆனால் 99 வருடக் குத்தகைக்குக் கிடைத்த 1.12 பில்லியன் டொலரால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. அந்தப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே இருந்தது. அப்போது நம் கழுத்தை நெரித்தவற்றில் பெரியது சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள்தான். மறுபக்கம் 2025இல் ஐஷோஸ்பீட் என்ற அமெரிக்க யூடியூபர் ஷங்ஹாய், சொங்சிங் என்று நேரலையில் சுற்றினார். இலட்சக்கணக்கான இளைஞர்கள் வேக ரயிலையும் மின்சாரக் காரையும் பார்த்து வியந்தார்கள். சீனா இப்படி இருக்கும் என்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் அவர்களுக்கு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சில வார நேரலையில் தெரிவது வீதிதான், வீட்டுக்குள் நடப்பதல்ல.

இனி நம்மைத் தொடும் விடயம். உய்குர் முஸ்லிம்கள் என்றாலே நம்மில் பலர், ஈராக்கை அழித்தவனுக்கும் காஸாவுக்குக் குண்டு கொடுப்பவனுக்கும் இவர்கள் மீது எங்கிருந்து வந்தது பாசம் என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது. அதிலிருந்து எடுக்கும் முடிவு, அதாவது முகாம்களே கட்டுக்கதை என்பது, சரியல்ல. அந்தச் செய்தியை முதலில் வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ரேடியோ ஃப்ரீ ஏஷியாவின் உய்குர் சேவையினர். வானொலிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2017இல் வொஷிங்டனில் உட்கார்ந்து சின்ஜியாங்கின் கிராமப் பொலிஸ் நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்று தாய்மொழியில் கேட்டவர்கள் உய்குர் செய்தியாளர்கள். அந்தக் கேள்விகளுக்காக அங்கே அவர்களுடைய உறவினர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அந்த முகாம்கள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று 2022 ஓகஸ்ட் 31இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் அறிக்கையிட்டது. நம் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்போ 2019 மார்ச்சில், முஸ்லிம் பிரஜைகளைப் பராமரிப்பதற்காகச் சீனாவைப் பாராட்டித் தீர்மானம் எழுதியது.

அந்த உய்குர் சேவையும் தப்பவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் வானொலிக்கான நிதியை நிறுத்தியது. மே மாதம் அந்தச் சேவை மூடப்பட்டது. பீஜிங் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.