கை எழுதியது, கால் அழித்தது!

தோழா! மேடைப் பேச்சை மட்டும் வைத்து எவரையும் எடை போடாதே. இதை மேடையேறுபவனே சொல்கிறேன். நரம்பில்லா நாக்கு நாலு விதமாய்ப் பேசும். மன்றத்தின் வாக்குப் பதிவேடோ ஒன்றைத்தான் பேசும், உண்மையைப் பேசும்!

சான்று வேண்டுமா? பிரிட்டனைப் பார்.

2010 மே மாதப் பொதுத் தேர்தல். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்பேன் என்ற உறுதிமொழியில், மாணவர் காணக் கையொப்பமிட்டார் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக். அக்கட்சியில் வென்று வந்த 57 பேருமே கையொப்பமிட்டவர்கள்தாம்!

தேர்தல் முடிந்தது, பதவி அழைத்தது. கன்சர்வேடிவ் கட்சியோடு கூட்டணி கண்டார், துணைப் பிரதமரானார். ஏழு திங்கள் கழிந்தன. 3,290 பவுண்டாக இருந்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பை, 2012 முதல் 9,000 பவுண்டாக்கும் தீர்மானம் டிசம்பர் 9 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது.

அம்மன்றத்தில் வாக்களிப்பது கையால் அல்ல, காலால்! ஆம் என்போர் நடக்க ஒரு கூடம்; இல்லை என்போர் நடக்க மறு கூடம். வெளியே மாணவர் குமுறல். உள்ளே கிளெக் நடந்தது எங்கே? ஆம் என்னும் கூடத்துக்கு! 323க்கு 302; வேறுபாடு 21. தீர்மானம் வென்றது.

கூட்டணியில் வேறு வழியில்லை என்பர். இல்லையா? வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கக் கூட்டணி ஒப்பந்தமே இடம் தந்திருந்ததே! அவர் கட்சியில் ஆதரித்தோர் தொகை அந்த 21ஐ விடப் பெரிது. அவர்கள் ஒதுங்கி நின்றிருந்தாலே தீர்மானம் தோற்றிருக்கும்!

இன்றே கட்ட வேண்டாம், ஆண்டு வருவாய் 21,000 பவுண்டைத் தாண்டிய பின் கட்டலாம் என்றும் சமாதானம் சொன்னார்கள். கடனுக்குத் தவணை தந்தால் கடன் கொடையாகிவிடுமா? கிளெக் கேம்பிரிட்ஜில் பயின்ற 1980களில் பிரிட்டிஷ் மாணவர்க்குக் கல்விக் கட்டணச் சுமை இல்லை. ஏறியவர் ஏணியை எட்டி உதைத்தார்!

அதே கட்சியில் 21 பேர் எதிர்த்து வாக்களித்தனர். முன்னாள் தலைவர்கள் சார்லஸ் கென்னடியும் மென்சிஸ் கேம்பலும் அவர்களுள் இருவர். ஆக, சொல் காப்பது முடியாத செயலன்று. மனம் இருந்தால் முடியும் செயல்!

2012 செப்டம்பரில் கிளெக் வருத்தம் தெரிவித்தார். நிறைவேற்ற முடியுமென்ற உறுதியில்லாத வாக்கைக் கொடுத்திருக்கக் கூடாதாம்! வருத்தம் வந்தது, கட்டணம் குறைந்ததா? இல்லை. 2015 தேர்தலில் 57 இடங்கள் 8 ஆயின. 2017இல் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதி கிளெக்கையே வீட்டுக்கு அனுப்பியது. தோல்விக்குக் காரணம் பல கூறுவர். முறித்த உறுதிமொழியை விட்டுவிட்டு எவரும் அக்கதையைக் கூற முடியாது.

தோழா! தமிழில் கொடுத்த சொல்லும் வாக்கு; போடும் சீட்டும் வாக்கு. இரண்டும் ஒன்றாய் நிற்பவனே மக்கள் பிரதிநிதி. நாளை உன் வாயிலில் வந்து நிற்பவரிடம், என்ன சொல்வீர் என்று கேளாதே. எப்படி வாக்களித்தீர் என்று கேள். வந்து நிற்பவர் நம்மவரேயானாலும் கேள்!